கொலுசுக் கடை ரசீதும் ஓப்பன் சோர்ஸ் வேலையும்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, சேலம் கோரிமேட்டில் இருந்து எழுதுகிறேன். வயது 25. பொறியியல் முடித்து மூன்று ஆண்டுகளாக ஐந்து ரோடு அருகே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், ஜவுளிக் கடைகள் ஆகியவற்றுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. ஓப்பன் சோர்ஸில், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களில், பங்களித்தால் பெங்களூரில் நல்ல வேலை கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னதால், கடந்த ஓராண்டில் அத்தகைய நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் 41 திருத்தங்கள் அனுப்பினேன். பெரும்பாலும் எழுத்துப்பிழைகளும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் சிறு மாற்றங்களும்தான். ஒன்பது ஏற்கப்பட்டன. எந்த நிறுவனமும் அழைக்கவில்லை.

ரசீதைப் பிடிஎஃப்பாக்க நாங்கள் பயன்படுத்தும் லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) தமிழ் உடைந்து வந்தது. எழுத்துகளை வரைவதற்கு முன் இடம் மாற்றும் ஒரு நிரலை நானே எழுதிச் சரிசெய்தேன். அதை லைப்ரரிக்காரர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டால், "சம்பளம் நான் தருகிறேன், ஊருக்கு எதற்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும்?" என்கிறார் முதலாளி. இதற்கிடையில் ஒரு பயிற்சி மையம் 45 ஆயிரம் ரூபாய் கட்டினால் ஓப்பன் சோர்ஸ் சான்றிதழும் வேலையும் உறுதி என்கிறது. என் ஆங்கிலம் சுமார்தான். அம்மா தனியாக இருப்பதால் ஊரை விட்டுப் போகவும் தயக்கம். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓராண்டு உழைப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். பிடிஎஃப் லைப்ரரியைப் பற்றிச் சில வரிகளோடு நிறுத்திவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அந்தச் சில வரிகளில்தான் உங்கள் வேலைக்கான வழி இருக்கிறது. அந்த 41 திருத்தங்களை மறந்துவிடுங்கள்.

கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். எழுத்துப்பிழை திருத்துவது தவறில்லை. படிக்கும்போது கண்ணில் பட்ட பிழையைத் திருத்தி அனுப்பினால், திட்டத்தை நடத்தும் எந்தப் பராமரிப்பாளரும் நன்றி சொல்வார். பிழை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து அனுப்பும்போதுதான் அது வேறாகிவிடுகிறது. 2020 அக்டோபரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கை, அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் பரிசு. அந்த ஆண்டு ஆயிரக்கணக்கானோர் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தும் நீக்கியும் அனுப்பிக் குவித்தார்கள். தாங்களாக விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே இனிப் பங்கேற்கும் என்று நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குப்பையில் ஒரு பங்கு நம் நாட்டு மாணவர்களிடம் இருந்தும் போனது. அதன் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. எந்த உள்நோக்கமும் இல்லாமல் நீங்கள் அனுப்பும் ஒரு வரித் திருத்தத்தையும் அந்தச் சந்தேகத்தோடுதான் அவர்கள் திறந்து பார்க்கிறார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையின் மறுபக்கம் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. கிட்ஹப் பக்கத்தில் பங்களித்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து நான் யாரையும் நேர்காணலுக்கு அழைத்ததில்லை. ஒரே ஒரு நீண்ட உரையாடலைத் தேடிப் படிப்பேன். இவர் ஒரு சிக்கலை எப்படி விளக்கினார், மறுப்பு வந்தபோது என்ன செய்தார், வாரக்கணக்கில் பதில் வராதபோது எப்படி நடந்துகொண்டார், கடைசியில் முடித்தாரா? மூன்று நேர்காணல் வைத்தாலும் தெரியாத இந்தச் செய்திகள் அங்கே வெட்டவெளியில் கிடக்கின்றன.

இப்போது உங்கள் ரசீதுக்கு வருகிறேன்.

'கொலுசு' என்று கணினியில் தட்டுகிறீர்கள். சேமிக்கப்படும் வரிசை க, அடுத்து ஒகரக் குறி, ல, உகரக் குறி, ச, மறுபடி உகரக் குறி. திரையிலோ தாளிலோ வரையும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். கொம்பு ககரத்துக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போக வேண்டும். 'லு', 'சு' இரண்டுக்கும் குறியைப் பக்கத்தில் ஒட்டினால் போதாது, எழுத்தே வேறு வடிவம் எடுக்க வேண்டும். ஆக, சேலத்தில் மிக அதிகமாக பில்லில் அச்சாகும் சொற்களில் ஒன்றான கொலுசில் மூன்று எழுத்துமே ஒரு லைப்ரரிக்குப் பரீட்சை வைக்கின்றன. ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று மட்டும் நினைத்து எழுதப்பட்ட லைப்ரரி மூன்றிலும் தோற்கும். கொம்பு இடம் மாறித் தனியாகத் தொங்கும். உங்களுக்கு வந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த வடிவமைப்பு வேலையைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் இயந்திரம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. நீங்கள் செய்தது வேறு. குறிகளின் வரிசையை நீங்களே மாற்றி, உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் ஓர் எழுத்துருவில் உள்ள கூட்டு வடிவங்களைக் கையால் பொருத்தியிருப்பீர்கள். கடைக்காரருக்கு மறுநாள் காலை ரசீது அச்சாக வேண்டும் என்ற நிலையில் அது சரியான முடிவு. நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் இதை அப்படியே லைப்ரரிக்கு அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது. எழுத்துருவை மாற்றினால் உங்கள் நிரல் உடைந்துவிடும். அதைவிட முக்கியம், அந்தப் பிடிஎஃப்பில் இருந்து 'கொலுசு' என்பதை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள், இடம் மாறிய எழுத்துகள் வந்து விழும். தேடினாலும் கிடைக்காது. கணக்காளர் ஒருவர் ஆயிரம் ரசீதுகளில் ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தேடும் நாளில் இது பெரிய தலைவலியாக முளைக்கும். லைப்ரரிக்குப் பொருத்தமான தீர்வு, எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வைத்துக்கொண்டு, வரைவதற்கு மட்டும் ஹார்ஃப்பஸ் போன்ற இயந்திரத்தை இடையில் நுழைப்பது. அப்படிச் செய்தால் தமிழ் மட்டும் சரியாவதில்லை. இதே பிரியும் குறிகள் கொண்ட மலையாளமும் வங்காளமும் சரியாகும், அரபி எழுத்துகளும் சேர வேண்டிய வடிவில் சேரும்.

ஆகவே முதலில் பேட்ச் (திருத்த நிரல்) அனுப்பாதீர்கள், சிக்கலை அனுப்புங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எழுத்துகள் எங்கே பிரிகின்றன, எங்கே வடிவம் மாறுகின்றன என்று ஐந்தாறு சொற்களில் காட்டும் ஒரு சிறு கோப்பு, தவறாக வந்த படம், சரியாக வர வேண்டிய படம், உங்கள் லைப்ரரியின் பதிப்பு எண் ஆகியவை போதும். 'கொலுசு', 'வெள்ளி', 'சேலம்', 'ஜவ்வரிசி', 'லக்ஷ்மி' என்று வைத்துக்கொண்டாலே பெரும்பாலான சிக்கல்கள் அகப்பட்டுவிடும். அந்த லைப்ரரியை எழுதியவர் ஜெர்மனியிலோ பிரேசிலிலோ இருக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு, அச்சில் வந்தது தவறு என்பதே தெரியாது. தமிழ் தெரிந்த, நிரலும் தெரிந்த ஒருவர் காட்டினால்தான் அது அவருக்குப் பிழையாகவே தெரியும். அந்த இடத்தில் உங்களுக்குப் போட்டியாக உலகில் அதிகம் பேர் இல்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இந்தப் புகாரில் உங்கள் நிறுவனத்தின் நிரல் ஒரு வரிகூட இல்லை. உண்மையான கடையின் ரசீதை மட்டும் இணைத்துவிடாதீர்கள். கடைப் பெயர், ஜிஎஸ்டி எண், வாடிக்கையாளரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். கற்பனையாக ஒரு மாதிரி ரசீது செய்துகொள்ளுங்கள். அப்போதும் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புங்கள். மறைத்துச் செய்ய இதில் எதுவும் இல்லை, பின்னால் அவர் கேள்விப்பட்டு வருந்தவும் வேண்டாம்.

அடுத்த கட்டத்துக்கு, அதாவது தீர்வை நிரலாக அனுப்புவதற்கு, அவருடைய சம்மதம் கட்டாயம் வேண்டும். "வீட்டில் இருந்து ராத்திரியில் எழுதினேன்" என்று நண்பர்கள் சொல்லித்தரும் சமாதானத்தை நம்பாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கியதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். பல நியமன ஒப்பந்தங்கள் இதற்கும் மேலே போய், வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் கோருகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் படியுங்கள். மொழி குழப்பமாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பல திட்டங்களில் ஒவ்வொரு பேட்சின் அடியிலும் உங்கள் பெயரோடு 'சைன்டு ஆஃப் பை' என்ற வரி கேட்பார்கள். 2004-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் தொடங்கிய நடைமுறை அது. அதற்கு முந்தைய ஆண்டு, லினக்ஸில் தங்கள் நிரல் கலந்திருக்கிறது என்று ஒரு நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அந்தச் சூழலில்தான், யார் எழுதியது, யாருக்கு அனுப்பும் உரிமை இருந்தது என்பதைப் பதிவுசெய்ய வேண்டிய தேவை வந்தது. அந்த வரியைச் சேர்க்கும்போது, இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உங்கள் பெயரில் உறுதி கூறுகிறீர்கள். முதலாளியின் அனுமதி இல்லாமல் அதை எழுதினால் அது பொய். இந்தத் தொழிலில் உங்கள் பெயர்தான் உங்கள் முதல், அதைப் பொய்யில் தொடங்க வேண்டாம்.

சரி, அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? "ஊருக்கு எதற்கு இலவசம்?" என்ற அவருடைய கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். மாதா மாதம் பன்னிரண்டு பேருக்கோ இருபது பேருக்கோ சம்பளம் போடுகிறவரின் நியாயமான கேள்வி அது. சமூகத்துக்குச் சேவை என்று பேசினால் தலையாட்டிவிட்டு மறுத்துவிடுவார். கணக்காகப் பேசுங்கள். லைப்ரரியின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் உங்கள் தனித் திருத்தத்தை மறுபடி பொருத்தி, மறுபடி சோதிக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகிறது? நீங்கள் வேலையை விட்டுப் போனால் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? பாதுகாப்புக் குறை ஒன்று வெளியாகி உடனே புதிய பதிப்புக்கு மாற வேண்டிய நாளில், 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லைப்ரரியின் விவகாரத்தில் உலகமே மாற வேண்டியிருந்ததுபோல, உங்கள் மென்பொருள் பழைய பதிப்பில் சிக்கிக்கொண்டிருக்காதா? திருத்தம் மூல லைப்ரரிக்குள் போய்விட்டால் இந்தச் செலவு அத்தனையும் அவர் தோளில் இருந்து இறங்குகிறது. பெரிய நிறுவனங்கள் தங்கள் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கே கொடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான், தாராள மனம் அல்ல. லினக்ஸ் கெர்னலை நேரம் தவறாத தொழிற்சாலை எந்திரங்களுக்கு ஏற்றதாக்கும் ரியல் டைம் திருத்தத் தொகுப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியே தனியாகப் பராமரிக்கப்பட்டு, 2024-ல் 6.12 பதிப்பில்தான் முழுமையாக உள்ளே சேர்ந்தது. அந்த இருபது ஆண்டும் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதைத் திரும்பத் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஆளும் பணமும் இருந்தன. ஐந்து ரோட்டு நிறுவனத்துக்கு இருக்குமா?

அவருக்கு இன்னும் நெருக்கமாகப் புரிய வைக்க வேண்டுமென்றால் அவருடைய வாடிக்கையாளர்களையே காட்டுங்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனாலும் 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக் கிடங்கையும் விற்பனை ஏற்பாட்டையும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். கிழங்கை எங்கே வாங்குவது, எப்படி அரைப்பது, எப்படி வறுப்பது என்பதை எவரும் பொதுவில் வைக்கவில்லை. உங்கள் நிறுவனத்துக்கும் அந்தக் கோடு பொருந்தும். கொலுசுக்குச் சேதாரமும் கூலியும் கணக்கிடும் முறை, ஆலைகளின் தர வகைப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், இவை உங்கள் முதலாளியின் தொழில் ரகசியம், வெளியே போகவே கூடாது. தமிழ் எழுத்து சரியாக வரைவது அவருடைய ரகசியம் அல்ல. பக்கத்துத் தெருப் போட்டியாளர் அதைப் பெற்றுக்கொண்டாலும் ஒரு வாடிக்கையாளர்கூட அதற்காக இடம் மாறப் போவதில்லை.

லைப்ரரியின் உரிமம் என்ன என்றும் பாருங்கள். எம்ஐடி, அப்பாச்சி, பிஎஸ்டி வகை என்றால் திருத்தத்தை வெளியிடும் கடமை இல்லை. எல்ஜிபிஎல், எம்பிஎல் வகை என்றால் நிலைமை வேறு. உங்கள் மென்பொருளைக் கடைக் கணினிகளில் நிறுவிக் கொடுக்கிறீர்கள், அது விநியோகம். லைப்ரரியில் நீங்கள் செய்த மாற்றத்தின் மூல நிரலை, மென்பொருளைப் பெற்றவர்களுக்குக் கொடுக்கும் கடமை ஏற்கனவே உங்கள் நிறுவனத்துக்கு இருக்கிறது. ஜிபிஎல் என்றால் இன்னும் கவனம் தேவை, அந்த லைப்ரரியோடு இணைந்த உங்கள் மென்பொருளையே அந்தக் கடமை தொடக்கூடும். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "சார், இதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லுங்கள். நல்ல ஊழியர் முதலாளியைக் காப்பாற்றும் இடம் அது. சம்மதித்தால் ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த லைப்ரரிக்கு, இந்த வகைத் திருத்தத்தை, நிறுவனத்தின் பெயரில் அனுப்ப அனுமதிக்கிறேன் என்று இரண்டு வரி போதும். நிறுவனத்தின் பெயர் வெளியே தெரிவதில் பல முதலாளிகளுக்கு மகிழ்ச்சிதான், உங்கள் முதலாளிக்கும் இருக்கலாம்.

அனுப்பிய பின் காத்திருக்க வேண்டியிருக்கும். இதில் மனம் உடைந்து விலகியவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உலகமே நம்பியிருக்கும் பல லைப்ரரிகளை ஒருவரோ இருவரோ தங்கள் ஓய்வு நேரத்தில் பராமரிக்கிறார்கள். 2014-ல் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது, இணையத்தின் பாதி பூட்டுகளைத் தாங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரி எவ்வளவு குறைந்த ஆட்களோடும் பணத்தோடும் இயங்கியது என்பது தெரிந்து தொழில்துறை திடுக்கிட்டது. 2024 மார்ச்சில் அதைவிட மோசமானது நடக்க இருந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகப் பங்களித்து, களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, கடைசியில் சர்வர்களுக்குள் நுழையும் பின்வாசலைப் புகுத்திவிட்டார். பல கோடி சர்வர்களுக்குப் போகும் முன் அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், அப்போது மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் வேலை செய்துகொண்டிருந்தவர். அவர் பாதுகாப்பு வல்லுநராக அதைத் தேடிப் போகவில்லை. வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைவில் உள்ள கணினியை அணுக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். ஏன் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

இதை இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவரின் நிரலை ஏற்கப் பராமரிப்பாளர்கள் தயங்கினால், அது உங்களை அவமதிப்பது ஆகாது. அவர்கள் தயங்கத்தான் வேண்டும். இரண்டு வாரம் கழித்து மரியாதையாக ஒருமுறை நினைவூட்டுங்கள், கேட்கும் மாற்றங்களைச் செய்து கொடுங்கள், அவர்களுடைய சோதனைக் கோப்புகளோடு உங்கள் 'கொலுசு' சோதனையையும் சேர்த்து அனுப்புங்கள். இன்னொன்று, அந்த அரை நொடி. நம் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் குணம் அது. வழக்கத்துக்கு மாறான சிறிய ஒன்றைப் பார்த்ததும் விட்டுவிடாமல் பின்தொடர்வது. ரசீதில் கொம்பு இடம் மாறி நின்றபோது, "எழுத்துரு சரியில்லை, ஆங்கிலத்திலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்லித் தப்பித்திருக்கலாம். நீங்கள் லைப்ரரிக்குள் இறங்கினீர்கள். அந்தக் குணம் உங்களிடம் இருக்கிறது, தம்பி. 41 திருத்தங்களில் அது தெரியவில்லை, இந்த ஒன்றில் தெரிகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் விளக்க முடியாத நிரலை அனுப்பாதீர்கள். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதித் தந்த பொய்யான பாதுகாப்புப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்பதாக 2024 முதல் வெளிப்படையாக எழுதிவருகிறார். நம்பிக்கை ஒருமுறை போனால் மீள்வது கடினம்.

இதெல்லாம் செய்தால் வேலை கிடைக்குமா? உறுதியாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தொழில்துறையில் ஓப்பன் சோர்ஸுக்கு யார், எதற்காகப் பணம் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நீங்களே கணித்துக்கொள்ளலாம். லினக்ஸ் கெர்னலில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நிறுவனங்களின் சம்பளத்தில் இருப்பவர்கள்தான். இன்டெல், கூகுள், ரெட் ஹேட் எனப் பலரும் தங்கள் ஆட்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 2019-ல் ஐபிஎம் ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹேட்டின் நிரலில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடியது. அப்படியிருக்க, எதற்கு அவ்வளவு பணம்? அந்த நிரலை உள்ளும் புறமும் அறிந்தவர்களுக்கும், மூலத் திட்டங்களில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களுக்கும், அவர்களை நம்பி வரும் வாடிக்கையாளர்களுக்கும்தான். ஆகவே ஒரு நிறுவனம் சார்ந்திருக்கும் நிரலை நீங்கள் ஆழமாக அறிந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு உங்களிடம் வேலை இருக்கிறது. ஆவணங்களையும் ரசீதுகளையும் அறிக்கைகளையும் பல இந்திய மொழிகளில் உருவாக்க வேண்டிய வங்கி, காப்பீடு, அரசு சார்ந்த மென்பொருள்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அங்கெல்லாம் உங்கள் அறிவு தேவை. அவர்களுக்கு விண்ணப்பிக்கும்போது கிட்ஹப் முகவரியை மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: சிக்கல் என்ன, முதலில் என்ன செய்தேன், அது ஏன் போதவில்லை, பராமரிப்பாளர் எதை மறுத்தார், கடைசியில் என்ன உள்ளே போனது. உங்கள் முதல் தீர்வின் குறையை நீங்களே சொல்லும் இடத்தில் நேர்காணல் செய்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

பயிற்சி மையத்துக்கு 45 ஆயிரம் கட்டாதீர்கள். மூல நிரலும் அதைப் பற்றிய விவாதமும் பழைய தவறுகளின் வரலாறும் எல்லோருக்கும் திறந்து கிடக்கும் துறை இது. அங்கே சான்றிதழுக்கு மதிப்பில்லை. வழிகாட்டுதல் வேண்டும் என்றால் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திட்டம் 2005 முதல் நடக்கிறது. 2022-ல் இருந்து மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம், நீங்கள் பணம் கட்டுவதில்லை, அவர்கள்தான் உதவித்தொகை தருகிறார்கள். 175 மணி நேரத் திட்டம் ஒன்றை வேலையோடு சேர்த்துச் செய்வது கடினம், ஆனால் முடியாததல்ல. முதலாளியின் அனுமதி அதற்கும் வேண்டும். தமிழில் படிக்கக் கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறது.

ஊரைப் பற்றி. அம்மாவை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓப்பன் சோர்ஸ் வேலை தொடக்கத்தில் இருந்தே ஒருவரையொருவர் பார்க்காதவர்கள் எழுத்து வழியாகச் செய்துவந்த வேலை. அதில் அனுபவம் உள்ளவரை வீட்டில் இருந்து வேலை செய்ய நிறுவனங்கள் எளிதாக அனுமதிக்கின்றன. நான் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டுதான் மூன்று நாட்டுக்காரர்களோடு வேலை செய்கிறேன். ஆனால் மூன்று ஆண்டு அனுபவத்தில் முழுக்க வீட்டில் இருந்தே என்ற வேலை கிடைப்பது அரிது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் நிலையில் நான் இன்னும் ஓராண்டு இதே நிறுவனத்தில் இருந்து, இந்த லைப்ரரி வேலையை முழுமையாக முடிப்பேன். ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் ஐடி வளாகத்திலும் கோவையிலும் உள்ள நிறுவனங்களுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பேன். பெங்களூருக்கு நம் ஊரில் இருந்து நான்கைந்து மணி நேரம்தான். ஓப்பன் சோர்ஸை வளர்க்கும் ஃபாஸ் யுனைடெட் அமைப்பு அங்கே இந்தியாஃபாஸ் என்ற மாநாட்டை நடத்துகிறது, அதற்கு ஒருமுறை போய் வாருங்கள். பெருநகரம் இல்லாத விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வளர்ந்து நிற்கிறது. சேலத்திலும் உங்களைப் போன்ற நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அப்படி ஒன்று நடக்கும். கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கும் ஊரில் ஆர்வமுள்ள மாணவர்களுக்குக் குறைவில்லை.

ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். இந்தத் துறையில் எழுதுகிறவர்களில் பெரும் பகுதியினருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். இதைச் செய்தேன், இது வர வேண்டும், ஆனால் இது வந்தது. மூன்று வாக்கியமும் இரண்டு படமும் இருந்தால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும். "தமிழ் எழுத்துகள் எப்படி இயங்குகின்றன" என்று ஒரு பக்கம் விளக்கி எழுத வேண்டிய கட்டம் வரும்போது முதலில் தமிழில் எழுதிக்கொண்டு பிறகு மாற்றுங்கள். விளக்கம் தெளிவாக இருக்கும்.

வேறு நிறுவனத்தில் சேரும் நாள் வரும்போது, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கனவே பங்களித்து வரும் திட்டங்களின் பெயர்களும், அவற்றுக்குத் தொடர்ந்து பங்களிக்க அனுமதி உண்டு என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு கேட்டால் சட்டப் பிரிவுக்கு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். சேரும் முன் கேட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் கொடுத்துவிடுவார்கள்.